எடுத்ததைத் திரும்ப வைக்காதபோது நிகழ்தகவைக் கணக்கிடுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான்காம் படிவ மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தும்போது, கூட்டு நிகழ்வுகளின் நிகழ்தகவுக்குப் பைக்குள் இருக்கும் வண்ணப் பந்துகளை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை. செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலைகளையே சொல்கிறேன். வெட்டிய குலைகள் தோட்டத்துச் சாலையோரத்தில் குவிந்து கிடப்பதையும், அவை பழுத்தவையா என்று பார்க்கப்படுவதையும் என் மாணவர்கள் அறிவார்கள். பார்த்து ஒதுக்கிய குலையை எவரும் மீண்டும் குவியலுக்குள் போட்டுக் கலப்பதில்லை. இந்தக் கணக்கின் அடிப்படையே அதுதான்.

குவியலில் 20 குலைகள் உள்ளன, அவற்றுள் 14 பழுத்தவை, 6 பழுக்காதவை என்று கொள்வோம். பொறுக்கிப் பார்க்காமல் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கிறோம். மூன்றும் பழுத்தவையாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

முதல் குலை பழுத்ததாக இருக்க 14/20. அதை ஒதுக்கிய பின் எஞ்சியவை 19, அவற்றுள் பழுத்தவை 13; ஆகவே இரண்டாவதற்கு 13/19. மூன்றாவதற்கு 12/18. மூன்றையும் பெருக்கினால் 2184/6840, அதாவது 91/285, ஏறத்தாழ 0.319. எடுத்ததைத் திரும்ப வைத்திருந்தால் 0.7 ஐ மும்முறை பெருக்கி 0.343 பெற்றிருப்போம்.

இங்கே ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: பகுதி எண் ஒவ்வொரு முறையும் ஒன்று குறையும், தொகுதி எண்ணோ, அதே வகைக் குலை முன்பு வெளியேறியிருந்தால் மட்டுமே குறையும். முதலில் பழுக்காதது வந்துவிட்டால், அடுத்தது பழுத்ததாக இருக்க 14/19 தான், 13/19 அன்று.

சரியாக ஒரு குலை மட்டும் பழுக்காததாக இருக்கும் நிலையில்தான் மிகுதியான பிழைகளைக் காண்கிறேன். பழுக்காதது முதலில் வரும் வரிசைக்கு 6/20 × 14/19 × 13/18 = 1092/6840. அது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தாலும் தொகுதி எண்கள் இடம் மாறுமே தவிர, பெருக்கற்பலன் மாறாது. எனவே மூன்றால் பெருக்கி 3276/6840, அதாவது 91/190, ஏறத்தாழ 0.479 என்று பெறுகிறோம். இந்த மூன்றை மறந்துவிடுவது, கணக்கை முக்கால்வாசி சரியாகப் போட்டும் விடையை இழப்பதாகும். அதனால் மாணவர்கள் வரக்கூடிய முடிவுகளைக் கிளைகளாகப் பிரித்துக் காட்டும் மரவரைபடத்தை எதையும் விடாமல் வரைந்தே தீர வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

விடையைச் சேர்வுகளால், அதாவது வரிசையைப் பொருட்படுத்தாமல் தேர்ந்தெடுக்கும் வழிகளை எண்ணி, சரிபார்க்கலாம். 20 இலிருந்து 3 ஐத் தேர்ந்தெடுக்க 1,140 வழிகள் உள்ளன. பழுத்தவற்றில் இரண்டை 91 வழிகளிலும் பழுக்காதவற்றில் ஒன்றை 6 வழிகளிலும் தேர்ந்தெடுக்கலாம். 546/1140 என்பதும் 91/190 தான்.

குறைந்தது ஒன்றாவது பழுக்காதது என்று கேட்டால், ஒன்று, இரண்டு, மூன்று எனத் தனித்தனியாகக் கூட்ட வேண்டியதில்லை. 1 இலிருந்து 91/285 ஐக் கழித்தால் போதும், விடை 194/285.

முதல் குலையைப் பார்க்காமலேயே ஒதுக்கிவிட்டால், இரண்டாவது பழுக்காததாக இருக்கும் நிகழ்தகவு என்ன? மாணவர்கள் நம்ப மறுக்கும் கேள்வி இது. முதலாவது பழுத்ததாக இருந்திருந்தால் 14/20 × 6/19. பழுக்காததாக இருந்திருந்தால் 6/20 × 5/19. கூட்டினால் 114/380, அதாவது மீண்டும் 6/20. குவியல் குறைந்ததால் மட்டும் நிகழ்தகவு மாறுவதில்லை. வெளியேறியது எது என்று நாம் அறிந்துகொள்வதால்தான் மாறுகிறது.

இவையனைத்தும் ஒவ்வொரு குலைக்கும் சம வாய்ப்பு இருக்கும்போதே பொருந்தும். நல்ல குலைகளை மேலே அடுக்கிவிட்டு மேலிருந்தே எடுத்தால் இந்தப் பின்னங்களுக்கு மதிப்பில்லை.

குவியல் மிகப் பெரிதானால் வேறுபாடு மங்கிவிடும். 2,000 குலைகளில் 600 பழுக்காதவை என்றால், மூன்றும் பழுத்தவையாக இருக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.3428, திரும்ப வைத்தால் 0.343. ஆயினும் தேர்வுத் தாளில் திரும்ப வைக்கவில்லை என்ற குறிப்பு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், எண்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் குறைத்தே எழுத வேண்டும்.