மின்னோட்டத் தாளில் நெடுக்கமுக்கமும் குறுக்கமுக்கமும்: மடிக்கணினியில் சோதிக்கும் வழி

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இறுதியாண்டு ஆய்வுக்குப் பிளாஸ்மாவை எடுத்த பௌதிகவியல் மாணவருக்கு இருபரிமாணத் துகள் உருவகிப்பு ஒன்றும் 8 ஜிபி மடிக்கணினியும் போதும். காந்தப்புலத்தின் நெடுகே உள்ள அமுக்கமும் (நெடுக்கமுக்கம்) குறுக்கே உள்ள அமுக்கமும் (குறுக்கமுக்கம்) வேறுபட்டால், மின்னோட்டம் பாயும் மெல்லிய பிளாஸ்மாத் தாள் எப்படிக் குலைகிறது என்று பார்ப்பதே நோக்கம். 1962இல் வந்த ஹாரிஸ் தாள் என்ற சமநிலை மாதிரியில் தொடங்குங்கள். அதன் நடுவில் காந்தப்புலம் சுழி. இருபுறமும் எதிரெதிர்த் திசையில் ஏறி உச்சத்தை எட்டும்.

முதலில் சமநிலை. புலக்கோடுகள் நேராக இருப்பதால் தாளைத் தாங்குவது குறுக்கமுக்கம் மட்டுமே. அதையும் காந்த அமுக்கத்தையும் கூட்டினால் எங்கும் ஒரே பெறுமானம் வரவேண்டும். நெடுக்கமுக்கம் இந்தக் கணக்கில் வராது. ஆகவே குறுக்கு–நெடுக்கு வெப்பநிலை விகிதத்தை மாற்ற நெடுக்கு வெப்பநிலையில் மட்டும் கைவையுங்கள். குறுக்கு வெப்பநிலையைத் தொட்டால் தாள் விரிந்து சுருங்கும், அலை சுவரில் பட்டுத் திரும்பும். அதையே உறுதியின்மை என்று அளந்துவிடுவீர்கள்.

அடுத்து, உறுதியின்மை தொடங்கும் எல்லைகள். பீட்டா என்பது பிளாஸ்மா அமுக்கத்துக்கும் காந்த அமுக்கத்துக்குமான விகிதம். குறுக்கு பீட்டாவை, குறுக்கு–நெடுக்கு விகிதத்தில் ஒன்றைக் கழித்துப் பெருக்கிவரும் தொகை 1ஐத் தாண்டினால், புலம் வலுத்தும் நலிந்தும் பைகளாகப் பிரியும் மிரர் உறுதியின்மை. நெடுக்கு பீட்டா குறுக்கு பீட்டாவை 2க்கு மேல் விஞ்சினால், புலக்கோடு தீயணைப்புக் குழாய்போல் நெளியும் ஃபயர்ஹோஸ் உறுதியின்மை. புலக்கோட்டின் இழுவிசை அங்கே அற்றுப்போகிறது. பீட்டாவை அந்தந்த இடத்துப் புலத்தைக் கொண்டே கணியுங்கள், உச்சப்புலத்தைப் போடாதீர்கள். பின்னணி அடர்த்தியை விட்டுக் கணித்தால், நடுவிலிருந்து ஓர் அரைத்தடிப்புத் தூரத்தில் குறுக்கு பீட்டா 0.72, மிரருக்கு விகிதம் 2.4 வேண்டும். அதில் பாதித் தூரத்தில் பீட்டா 3.7 ஆகிவிடும், 1.27 போதும். கீழே எடுக்கும் மெல்லிய தாளில் அயனின் சுழல் ஆரை இந்த இடங்களிலேயே தாளின் தடிப்பளவுக்கு வந்துவிடும், உள்ளே போகப்போக இன்னும் பெருக்கும். ஆகவே இந்த எல்லைகள் வெறும் வழிகாட்டிதான்.

குறுக்கமுக்கம் மிஞ்சினால், தாள் துண்டுதுண்டாகப் பிரியும் கிழிவு உறுதியின்மை வேகமாக வளரும், குட்டை அலைநீளங்களும் கிளம்பும். நடுவில் புலம் இல்லாததால் வைபெல் தள்ளுகை (வெப்பநிலை வேறுபாடே புதிய புலத்தை வளர்ப்பது) சேர்வது இதற்கு ஒரு காரணம். நெடுக்கமுக்கம் மிஞ்சினால் கிழிவு அடங்கும். விகிதம் 1 ஆகும்போது அலைநீளம் அரைத்தடிப்பின் 6.3 மடங்குக்கு மேல் இருந்தால்தான் கிழியும். உருவகிப்புப் பெட்டி அரைத்தடிப்பின் 25 மடங்கு நீளமும் 12 மடங்கு உயரமும் இருக்கட்டும்.

அயன்–இலத்திரன் திணிவு விகிதம் 25, அயன்–இலத்திரன் வெப்பநிலை விகிதம் 5, அரைத்தடிப்பு அயன் சடத்துவ நீளத்தின் (அயன்களின் இயல்பான நீள அளவு) பாதி, ஒளிவேகம் ஆல்வென் வேகத்தின் (புலக்கோட்டில் அலை ஓடும் வேகம்) 20 மடங்கு என்று வைத்தால், பெட்டியைப் பிரிக்க 900 × 420 கலங்கள் வேண்டும். கலத்துக்கு ஒவ்வோர் இனத்திலும் 100 துகள் என்றால் மொத்தம் 7.5 கோடி, இரட்டைத் துல்லியத்தில் ஏறத்தாழ 3 ஜிபி. கலத்தைப் பெரிதாக்கி நேரத்தை மிச்சம்பிடிக்க நினைக்காதீர்கள். டெபாய் நீளத்தை (பிளாஸ்மாவில் ஒரு மின்னேற்றத்தின் தாக்கம் மறைக்கப்படும் தூரம்) கலம் தாண்டினால் இலத்திரன்கள் பொய்யாகச் சூடேறி, நீங்கள் வைத்த வேறுபாட்டையே அழித்துவிடும். நேரப்படி ஒன்றில் ஒளி கலத்தின் 0.7 பங்குக்குள் நிற்கவேண்டும்.

இது நாட்கணக்கில் ஓடும். வன்னி வெக்கையில் மடிக்கணினி தானே வேகத்தைக் குறைக்கும். அடியில் காற்றுப் போக இடம்விட்டு உயர்த்தி வையுங்கள். கரண்ட் போனாலும் தொடரக்கூடியதாக மணிக்கொரு தடவை முழு நிலையையும் சேமியுங்கள்.

நடுக்கோட்டில், தாளுக்குச் செங்குத்தான புலக்கூறின் ஃபூரியர் கூறுகளை மடக்கை வரைபில் போடுங்கள். நேர்கோடாக ஏறும் பகுதியின் சாய்வுதான் வளர்ச்சி வீதம். முதலில் விகிதம் 1, பிறகு 1.5, 0.7. அயனுக்கும் இலத்திரனுக்கும் தனித்தனியே ஓட்டுங்கள். இலத்திரனின் வேறுபாடு விசில் அலைகளால் (இலத்திரன்கள் எழுப்பும் ஒருவகைக் காந்த அலைகள்) சீக்கிரம் கரையும். அதனால் 100 படிகளுக்கு ஒருதடவை விகிதத்தைப் பதிந்து, சாய்வை அளந்த நேரத்தில் இருந்த விகிதத்தோடு சேர்த்து எழுதுங்கள்.