கிளிப்பை மாட்டும் முன்: ஆஸிலாஸ்கோப்பும் எர்த்தும்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய முதலைக் கிளிப் கிடக்கிறது. வோல்டேஜ் அலையைத் திரையில் காட்டுகிற ஆஸிலாஸ்கோப்பின் (ஸ்கோப்) புரோப்பில், அதாவது அளக்கிற ஒயரில், இருந்தது அது. ஒரு பக்கத்துப் பல்லெல்லாம் உருகிக் குமிழாகிவிட்டது. மறுபக்கம் கரி. அந்தப் புரோப்பை எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று, கிளிப்பை மட்டும் வைத்திருக்கிறேன். "ஸ்கோப்பின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் என்ன?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அதை எடுத்துக் கையில் கொடுப்பது வழக்கம்.

நடந்தது இதுதான். ஒரு எஸ்எம்பிஎஸ் (லைன் ஏசியை டிசியாக்கித் தருகிற ஸ்விட்சிங் பவர் சப்ளை), ஆன் ஆவதும் அணைவதுமாகத் துடித்துக்கொண்டிருந்தது. செகண்டரி, அதாவது டிசி வெளியே வருகிற பக்கம் பார்த்தேன், குறை ஒன்றுமில்லை. லைனோடு சேர்ந்த பிரைமரி பக்கத்தில் கன்ட்ரோல் ஐசிக்கு சப்ளை ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க, பெரிய கெபாசிட்டரின் மைனஸ் காலில் புரோப்பின் கிரவுண்டு கிளிப்பை மாட்டினேன். மைனஸ்தானே, கிரவுண்டுதானே என்ற நினைப்பு. பட்டென்று ஒரு சத்தம், கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், அடுத்த நொடி மொத்த மேசையும் இருட்டு. ஏசியை டிசியாக்குகிற டயோடு ப்ரிட்ஜில் ஒரு டயோடு ஷார்ட், பியூஸ் உள்ளே கறுத்துப் போயிருந்தது. ஸ்கோப் பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

தப்பு ஸ்கோப்பில் இல்லை. அந்தக் கிளிப் எங்கே போய் முடிகிறது என்று நான் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

கிளிப் என்பது எர்த் ஒயர்

மேசை மேல் வைக்கிற சாதாரண ஸ்கோப்பில் புரோப்பின் கிளிப், புரோப்பைச் செருகுகிற பிஎன்சி சாக்கெட்டின் வெளி உலோகத்தோடு நேராகச் சேர்ந்திருக்கும். அந்த உலோகம் ஸ்கோப்பின் பெட்டியோடும், பெட்டி மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னோடும் சேர்ந்திருக்கும். நடுவில் ரெசிஸ்டர் கிடையாது, பியூஸ் கிடையாது. நான்கு சேனல் இருந்தால் நான்கின் கிளிப்பும் ஒரே ஒயர்தான். ஒரு கிளிப்பை ஒரு புள்ளியிலும் இன்னொன்றை வேறு வோல்டேஜில் இருக்கிற புள்ளியிலும் மாட்டினால், அந்த இரண்டையும் ஸ்கோப் வழியாக நீங்களே ஷார்ட் செய்கிறீர்கள்.

இப்போது எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். 230 வோல்ட் ஏசி ப்ரிட்ஜ் வழியாகப் போய்ப் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கிறது. 120 வோல்ட் லைன் என்றால் 170. அந்தக் கெபாசிட்டரின் மைனஸ், பலகையைப் பொறுத்தவரை கிரவுண்டுதான். ஆனால் எர்த்தைப் பொறுத்தவரை அது சும்மா நிற்பதில்லை. லைன் நெகட்டிவ் பக்கம் போகிற ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ப்ரிட்ஜின் ஒரு டயோடு அந்த மைனஸை நேராக ஃபேஸோடு சேர்த்துவிடும். அதாவது எர்த்துக்குக் கீழே 325 வோல்ட் வரை அது இறங்கி ஏறிக்கொண்டிருக்கும். அங்கே எர்த்தில் இருக்கிற கிளிப்பைக் கடித்தால் ஃபேஸையும் எர்த்தையும் ஒரு டயோடை மட்டும் நடுவில் வைத்துச் சேர்த்த மாதிரி. எனக்கு டயோடு போனது, கிளிப் உருகியது, லைன் டிரிப் ஆனது எல்லாம் அதனால்தான்.

பேட்டரியில் ஓடுகிற பலகையிலோ, எர்த்தோடு சேராத அடாப்டரில் ஓடுகிற பலகையிலோ இந்தச் சிக்கல் இல்லை. கிரவுண்டில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

எர்த் பின்னை வெட்டினால்?

எங்களோடு வேலை பார்க்கிற தம்பி ஒருவன், கெட்டிக்காரப் பையன், ஒரு நாள் இரண்டு பின் அடாப்டரோடு வந்து நின்றான். "அண்ணே, எர்த் இருந்தாத்தானே ஷார்ட் ஆகுது? இதுல போட்டு ஸ்கோப்பை மிதக்க விட்டுட்டா வேலை முடிஞ்சுதுல்ல?"

"போடு. ஆனா புரோப்பை எதுலயும் மாட்டாதே, பெட்டியையும் தொடாதே" என்றேன். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஒரு முனையைப் பக்கத்து சாக்கெட்டின் எர்த்திலும் இன்னொன்றைப் பிஎன்சியின் உலோகத்திலும் வைக்கச் சொன்னேன். மீட்டர் 108 காட்டியது. பையன் மீட்டரைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். புரோப்பே மாட்டவில்லை, எங்கிருந்து வந்தது?

ஸ்கோப்பின் உள்ளே லைன் ஃபில்டரில் ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் பெட்டியோடு சேர்ந்திருக்கும். ஒய் கெபாசிட்டர் என்பார்கள். எர்த் இருக்கும்போது அவற்றின் கசிவு அமைதியாக எர்த்துக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து லைனைப் பாதியாகப் பிரித்துப் பெட்டியில் நிறுத்தும். 230-இல் பாதி 115, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 2.2 நானோஃபாரட் கெபாசிட்டர் என்றால் 50 ஹெர்ட்ஸில் சுமார் 0.16 மில்லியாம்பியர்தான் கசியும். கையில் லேசாகச் சுறுசுறுக்கும், ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் உங்கள் பலகையில் இருக்கிற ஐசிக்கு அது போதும்.

உண்மையான ஆபத்து அதற்கு அப்புறம். மிதக்கிற ஸ்கோப்பின் கிளிப்பை அந்தக் கெபாசிட்டர் மைனஸில் மாட்டுங்கள். இப்போது ஷார்ட் ஆகாது, டிரிப் ஆகாது, திரையில் அழகாக அலை வரும். ஆனால் ஸ்கோப்பின் உடம்பு முழுக்க ஃபேஸ். மாட்டாத மற்ற கிளிப்புகளில், பின்பக்கத் திருகில், யூஎஸ்பி சாக்கெட்டில், எல்லாவற்றிலும். இங்கே கெபாசிட்டர் கசிவு மாதிரி அளவோடு நிற்காது. பத்து மில்லியாம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். முழு லைன் உடம்பில் பாய்ந்தால் அதைவிடப் பல மடங்கு போகும். தவிர அந்த ஸ்கோப்பின் இன்சுலேஷன் இதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை.

தம்பி அடாப்டரைக் கழற்றி மேசை மேல் வைத்தான். நான் அதைக் குப்பையில் போட்டேன்.

மிதக்க வேண்டியது ஸ்கோப் இல்லை, ரிப்பேருக்கு வந்த சாமான்

ஸ்கோப்பின் எர்த் எர்த்தாகவே இருக்கட்டும். ரிப்பேர் பலகையைத்தான் லைனிலிருந்து பிரிக்க வேண்டும். அதற்குத்தான் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர், இரண்டு சுருளும் ஒயரால் ஒன்றோடொன்று சேராதது. பலகையை அதில் போடுங்கள், ஸ்கோப்பைச் சுவரில் போடுங்கள். பலர் இதைத் தலைகீழாக, ஸ்கோப்பை டிரான்ஸ்பார்மரில் போட்டுச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அது எர்த் பின்னை வெட்டியதற்குச் சமம், செலவு மட்டும் கூட.

வேரியாக்கை இதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க அருமையான சாதனம், ஆனால் சாதாரண வேரியாக்கில் ஒரே சுருள்தான், ஐசோலேஷன் கிடையாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் வரிசையாகப் போட வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் உண்மையிலேயே பிரிக்கிறதா என்பதைப் பிளக்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஓம் மீட்டரால் பாருங்கள். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவில் ஓப்பன் காட்ட வேண்டும். செகண்டரியின் இரண்டு முனைகளிலிருந்தும் எர்த்துக்கும் ஓப்பன் காட்ட வேண்டும். செகண்டரியின் ஒரு முனையை எர்த்தோடு சேர்த்தே செய்த டிரான்ஸ்பார்மர்களும் உண்டு, அவை இந்த வேலைக்கு ஆகாது.

இப்போது மாட்டும் முறை. முதலில் மல்டிமீட்டர். பலகைக்குக் கரன்ட் கொடுத்து, கிளிப் மாட்ட நினைத்த புள்ளிக்கும் ஸ்கோப்பின் பிஎன்சி உலோகத்துக்கும் நடுவில் அளந்து பாருங்கள். டிசியில் ஒரு முறை, ஏசியில் ஒரு முறை. இரண்டிலும் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மரில் இருக்கும்போது மீட்டர் பத்து, முப்பது, அதற்கு மேலும் காட்டிப் பயமுறுத்தலாம். சுருள்களுக்கு நடுவில் இருக்கிற கெபாசிட்டன்ஸ் வழியாக வருகிற பேய் வோல்டேஜ் அது. பேயா நிஜமா என்று தெரிய, கரன்ட்டை அணைத்து அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடி கரன்ட் கொடுத்து அளங்கள். பேய் என்றால் அப்படியே சரிந்துவிடும். சரியாமல் நின்றால் எங்கோ ஐசோலேஷன் இல்லை, கிளிப்பை மாட்டாதீர்கள்.

அளந்து முடித்ததும் கரன்ட்டை அணையுங்கள், கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யுங்கள், கிளிப்பை மாட்டுங்கள், முனையைக் கொக்கியால் மாட்டுங்கள், கையை எடுங்கள், அப்புறம் கரன்ட். ஓடுகிற பலகையில் கிளிப்பைக் கொண்டுபோய்ப் பிடிக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிளிப்பை மாட்டிய அந்த நொடியில் பலகை மறுபடி எர்த்தோடு சேர்ந்துவிட்டது. மைனஸ் இப்போது எர்த், ஆகவே பிளஸ் எர்த்துக்கு மேல் 325 வோல்ட். ஒரு கை அதிலும் இன்னொரு கை ஸ்கோப்பின் பெட்டியிலும் பட்டால் முழுதாக ஷாக் அடிக்கும். அந்தக் கரன்ட் டிரான்ஸ்பார்மரின் செகண்டரிக்குள்ளேயே சுற்றிவிடுவதால், சுவரில் இருக்கிற ஆர்சிசிபிக்கு (எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் டிரிப் ஆகிற பிரேக்கர்) அது தெரியவே தெரியாது. டிரிப் ஆகி உங்களைக் காப்பாற்ற ஆளில்லை. ஒரு கை வேலை செய்யும்போது இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

டிரான்ஸ்பார்மர் இல்லையா? இரண்டு சேனலை வைத்துச் சமாளிக்கலாம். இரண்டும் பத்துக்கு ஒன்று புரோப் (வோல்டேஜைப் பத்தில் ஒன்றாகக் குறைப்பது), இரண்டின் கிளிப்பையும் பலகையில் எதிலும் மாட்டாமல் ஒன்றோடொன்று கடிக்க விடுங்கள். ஒரு முனை ஒரு புள்ளியில், மறு முனை இன்னொன்றில், கணக்கு மெனுவில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். முன்னதாக இரண்டு முனைகளையும் ஒரே புள்ளியில் வைத்துக் கழித்தால் கோடு தட்டையாக வரவேண்டும், வராவிட்டால் புரோப்பின் சின்னத் திருகை வைத்து இரண்டையும் சரிசெய்யுங்கள். ஸ்விட்சிங் ட்ரான்சிஸ்டரின் ட்ரெய்னை மட்டும் இப்படித் தொடாதீர்கள். ஃபிளைபேக் வகை எஸ்எம்பிஎஸ்ஸில் அங்கே 500, 600 வோல்ட் சாதாரணமாக ஏறும், பல பத்துக்கு ஒன்று புரோப்புகளின் எல்லை அதற்குக் கீழேதான். அதற்கு நூற்றுக்கு ஒன்று புரோப், இல்லையென்றால் இரண்டு புள்ளிகளின் வித்தியாசத்தை மட்டும் காட்டுகிற ஹை வோல்டேஜ் டிஃபரன்ஷியல் புரோப். அடிக்கடி பிரைமரியில் கை வைப்பவர்கள் இரண்டாவது ஸ்கோப் வாங்குவதற்கு முன் இதை வாங்குவது நல்லது.

எர்த் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்

இவ்வளவும் எர்த் உண்மையிலேயே இருந்தால்தான். ஸ்கோப்பின் பிளக்கைப் பிடுங்கி, எர்த் பின்னுக்கும் பிஎன்சி உலோகத்துக்கும் ஓம் பாருங்கள். மீட்டர் ஒயரின் சொந்த ஓமைக் கழித்தால் அரை ஓம் கூட இருக்கக் கூடாது. அளக்கும்போது பவர் கார்டை இரு முனையிலும் ஆட்டிப் பாருங்கள். எண் குதித்தால் கார்டை மாற்றுங்கள். என் அனுபவத்தில் முதலில் போவது கார்டுதான்.

சுவர் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டுகிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 10 மெகா ஓம் மீட்டர் எடுக்கிற கரன்ட் 23 மைக்ரோ ஆம்பியர், ஒற்றை இழையில் தொங்குகிற எர்த் கூட அதைக் கொடுத்துவிடும். எர்த் பாதையின் ஓமை அளக்கிற லூப் டெஸ்டர் வைத்திருக்கிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

மேசையில் எல்லாச் சாதனத்தையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் போடுங்கள். ஆளுக்கொரு சாக்கெட்டில் போட்டால் எர்த் ஒயர்கள் ஒரு பெரிய வளையமாகி, திரையில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். அதற்கும் எர்த்தைக் கழற்றுவது வைத்தியம் அல்ல. அலையின் ஓரத்தில் நெளிநெளியாக வந்தால் சந்தேகம் கிளிப்பின் ஒயர் மேல் போகட்டும். 15 சென்டிமீட்டர் ஒயரின் இண்டக்டன்ஸும் புரோப்பின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மணி அடிக்கும். அந்த ஒயருக்குப் பதிலாக, புரோப்போடு வருகிற சின்ன ஸ்பிரிங்கை முனையில் மாட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மேசை பவர் சப்ளையில் கறுப்பு (மைனஸ்) முனையும் பச்சை (எர்த்) முனையும் வேறு வேறு, இரண்டையும் சேர்த்து நடுவில் தகடு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் ஜெனரேட்டரின் பிஎன்சியும் பெரும்பாலும் எர்த்தில்தான். யூஎஸ்பி ஸ்கோப் என்றால் அதன் கிரவுண்டு கம்ப்யூட்டருக்கும், மூன்று பின் சார்ஜர் வழியாக எர்த்துக்கும் போகும். மூன்று பின் சாலிடரிங் அயர்னின் முனையும் பெரும்பாலும் எர்த்தில்தான், ஓடுகிற பிரைமரியில் அதை வைத்தால் என் கிளிப்பின் கதைதான்.

கையில் மாட்டுகிற ஆன்டிஸ்டாட்டிக் பட்டை பற்றியும் கேட்பார்கள். அதில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் உள்ளது, 230 வோல்ட் பட்டாலும் கால் மில்லியாம்பியருக்குள் நிற்கும். ஆனாலும் லைன் ஓடுகிற பலகையில் கை வைக்கும்போது நான் கழற்றி வைத்துவிடுவேன். அந்த ரெசிஸ்டர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அன்று காலையில் யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

போன வாரம் அதே தம்பி, அதே மாதிரி ஒரு சப்ளை. டிரான்ஸ்பார்மரில் போட்டு, அளந்து, மாட்டி, குறையைப் பிடித்துவிட்டான். வற்றிப்போன ஒரு சின்னக் கெபாசிட்டர். கரன்ட்டை அணைத்ததும் நேராகக் கிளிப்புக்குக் கை போனது, பாதியில் நின்றது. 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை எடுத்துப் பெரிய கெபாசிட்டரின் கால்களில் வைத்து ஐந்து வரை எண்ணினான். மீட்டரை வைத்தான். ஒன்றரை வோல்ட். அப்புறம்தான் கிளிப்பைக் கழற்றினான்.