சீரம் சொட்டு மருந்து: மருந்தாக நினைக்காதீர்கள், பாலாக நினையுங்கள்

கடையில் வாங்கும் கண் சொட்டு மருந்தைத் திறந்து ஒரு மாதம் வைத்துப் பழகியவர்கள், சீரம் பாட்டிலையும் அப்படியே நடத்துகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

சீரம் சொட்டு மருந்து என்பது நோயாளியின் சொந்த ரத்தத்தை எடுத்து, உறையவிட்டு, வேகமாகச் சுழற்றிப் பிரித்த மஞ்சள் நீர். பெரும்பாலும் உப்புக் கரைசல் கலந்து 20 சதவீதமாக நீர்த்துத் தருவார்கள். சிலருக்கு 50 சதவீதம். கண்ணீரில் உள்ள வைட்டமின் ஏ, ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம், திசு வளர உதவும் வளர்ச்சிக் காரணிகள் இதிலும் இருப்பதால்தான் கண்ணையும் வாயையும் உலர வைக்கும் ஷோக்ரன் நோய், தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய், ஆறாத கருவிழிப் புண் போன்றவற்றுக்குக் கொடுக்கிறார்கள். கெடாமல் காக்கும் ரசாயனம் மட்டும் இதில் கிடையாது. புரதம் நிறைந்த இந்த நீர் கிருமிகளுக்கு நல்ல தீனி. அதனால்தான் பாலோடு ஒப்பிடுகிறேன்.

மொத்தப் பாட்டில்களையும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அடுக்கிவிடக் கூடாது. இருப்பு முழுவதும் ஃப்ரீசரில் உறைந்தே இருக்க வேண்டும். அன்றாடம் போடும் பாட்டில் மட்டும் ஃபிரிட்ஜில். உறைந்ததை அவசரத்துக்கு வெந்நீரிலோ மைக்ரோவேவிலோ வைத்தால் புரதம் சிதைந்துவிடும். ஃபிரிட்ஜிலேயே மெல்ல உருகட்டும். உருகியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். வெளிச்சம் பட்டால் வைட்டமின் ஏ குறையும், ஆகவே ஜன்னலோரம் வைக்கக் கூடாது. திறந்த பாட்டிலை எத்தனை நாள் வைக்கலாம்? சில இடங்களில் ஒரே நாள், சில இடங்களில் ஒரு வாரம் என்பார்கள். உங்கள் லேபிள் சொல்வதுதான் கணக்கு; அதே மருந்து போடும் இன்னொருவரின் கணக்கு உங்களுக்கு உதவாது. "இன்னும் பாதி இருக்கிறதே" என்று மனம் கேட்காதுதான், சரி, ஆனாலும் கொட்டிவிடுங்கள்.

பாட்டில் நுனி இமையில் படுவது எந்தச் சொட்டு மருந்துக்கும் ஆகாது, இதற்கு அறவே ஆகாது. வீட்டில் இன்னொருவருக்கும் கண் உலர்வு என்றால் அவருக்கு இதைப் போட்டுவிடும் ஆசையும் வரும். உள்ளே இருப்பது ஒருவரின் ரத்தப் பொருள். ரத்தம் வழியாகப் பரவும் நோய்கள் இதிலும் பரவலாம்.

சீரம் வந்ததும் மற்ற சிகிச்சையைத் தானாக நிறுத்துவது இன்னொரு தவறு. அழற்சிக்கான மருந்தும் இமை பராமரிப்பும் செய்யும் வேலையைச் சீரம் செய்யாது. இரண்டு சொட்டு மருந்துகளை அடுத்தடுத்துப் போட்டால் பின்னது முன்னதை அடித்துச் சென்றுவிடும். சில நிமிட இடைவெளி வேண்டும். அப்புறம், ஒரு வாரத்தில் பலனில்லை என்று கைவிடுபவர்களும் உண்டு. புண் ஆறவே சில வாரங்கள் ஆகலாம். நிறுத்தினால் பலருக்குத் தொல்லை திரும்பும் என்பதால், கடைசிப் பாட்டிலைத் திறக்கும்வரை காத்திருக்காமல் அடுத்த ரத்தம் கொடுக்கும் நாளை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அன்று எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த சாப்பாடு வேண்டாம், சீரம் கலங்கிவிடும்.

கண் புதிதாகச் சிவந்து, வலி கூடி, பீளை தள்ளி, பார்வை மங்கினால் சொட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். திறந்த பாட்டிலைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கிருமி அதிலிருந்து வந்ததா என்று சோதித்துப் பார்க்க அதுதான் தேவைப்படும்.