ஸ்பின் சுற்றாத வாஷிங் மெஷின்: கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துவைத்து, அலசி, கடைசியில் பிழிய வேண்டிய நேரத்தில் மெஷின் நின்றுவிடுகிறது. மூடியைத் திறந்தால் துணி சொட்டச் சொட்டக் கிடக்கிறது. உடனே வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “மோட்டார் போயிடுச்சு.”

அந்த முடிவுக்கு அவசரப்பட்டுப் போவதுதான் முதல் தவறு. ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷினில் துவைப்பதற்கும் பிழிவதற்கும் இருப்பது ஒரே மோட்டார். அரை மணி நேரம் ஒழுங்காகத் துவைத்த மோட்டார் பிழியும் நேரத்தில் மட்டும் எரிந்துபோயிருக்க வாய்ப்பு குறைவு. செமி ஆட்டோமேட்டிக்கில் மட்டும்தான் துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என்று இரண்டு மோட்டார் உண்டு.

மெஷின் பழுதாகிச் சுற்றாமல் இருப்பதைவிட, இந்த நிலையில் சுற்றக்கூடாது என்று தானே நிறுத்திக்கொண்டு நிற்பதே அதிகம். உள்ளே தண்ணீர் நின்றாலும், மூடி சரியாக மூடவில்லை என்று தோன்றினாலும், துணி ஒரு பக்கமாகக் குவிந்திருந்தாலும் அது ஸ்பின்னுக்குப் போகாது. இந்த மூன்றையும் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதும் வீண் செலவு. அதற்கும் முன்னால், எந்த ப்ரோகிராமில் ஓடியது என்று ஒருமுறை பாருங்கள். மென்மையான துணிக்கான சில ப்ரோகிராம்கள் மிக மெதுவாகத்தான் பிழியும். ‘நோ ஸ்பின்’ பட்டனைக் குழந்தைகள் அழுத்தி வைத்திருப்பதும் உண்டு.

தண்ணீரைப் பார்க்காமல் ஸ்பின்னைக் குறை சொல்வது

டிரம்மில் தண்ணீர் நிற்கிறதா? நின்றால் உங்கள் பிரச்சினை டிரெயினில் இருக்கிறது. தண்ணீர் வெளியே போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் மெஷின் வேகமெடுக்கும். இந்த நிலையில் ஸ்பின் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் எந்தப் பயனும் இல்லை.

நம் ஊரில் அதிகம் விற்கும் டாப் லோடு மெஷின்கள் பலவற்றில் டிரெயின் பம்ப் கிடையாது. தண்ணீர் தன் எடையால் தானே கீழே வழிந்து போகும் அமைப்பு அது. அதனால் டிரெயின் ஹோஸ் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். பாத்ரூம் வாசற்படி உயரமாக இருக்கிறது என்று ஹோஸை அதன்மேல் ஏற்றி விடுவதும், ஜன்னல் கம்பியில் கட்டி வைப்பதும், நீளம் போதவில்லை என்று தோட்டத்துக்கு விடும் டியூபை மாட்டி இழுத்து நீட்டுவதும் பல வீடுகளில் நடக்கிறது. தண்ணீர் முழுதாக வடியாது. மெஷின் காத்திருந்து காத்திருந்து கடைசியில் எரர் காட்டி நின்றுவிடும். எல்ஜி மெஷினில் அது ‘ஓஈ’ என்று வரும். ஹோஸைத் தாழ்த்தி, மடிப்பை நேராக்கினால் அங்கேயே வேலை முடிந்தது.

ஃப்ரன்ட் லோடில் கதை நேர்மாறு. அதில் பம்ப் உண்டு, ஹோஸ் ஏறக்குறைய இடுப்பு உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டும். தரையில் போட்டால் உள்ளே வரும் தண்ணீர் தானாகவே இழுத்துக்கொண்டு வெளியேறிவிடும். ஒரு வீட்டில் சரியாக இருந்த ஏற்பாட்டை இன்னொரு வகை மெஷினுக்கு அப்படியே செய்வது இதனால்தான் சிக்கலில் முடிகிறது.

பம்ப் இல்லாத டாப் லோடில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இது தெரியாமல்தான் பலர் தேவையில்லாத பாகங்களை மாற்றுகிறார்கள். அடியில் டிரெயின் மோட்டார் என்று ஒரு சின்ன மோட்டார் இருக்கும். அது ஒரு கம்பியை இழுக்கும். அந்த ஒரே இழுப்பில் இரண்டு வேலை நடக்கிறது: தண்ணீர் போகும் வால்வு திறக்கிறது, கூடவே கிளட்ச் துவைக்கும் நிலையிலிருந்து பிழியும் நிலைக்கு மாறுகிறது. துவைக்கும்போது அடித்தட்டு மட்டும் சுழலும், டிரம் பிரேக்கில் நிற்கும். பிழியும்போது இரண்டும் பூட்டிக்கொண்டு சேர்ந்து சுழல வேண்டும். டிரெயின் மோட்டார் இழுக்கவில்லை என்றால் தண்ணீரும் போகாது, டிரம்மும் சுழலாது. தண்ணீர் நிற்கிறது, மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் வருகிறது என்றால் சந்தேகம் முதலில் இங்கே போகட்டும். வால்வில் ஒரு பட்டனோ நூல் சுருளோ சிக்கினாலும் பாதித் தண்ணீர் எப்போதும் நின்றுகொண்டே இருக்கும்.

ஃப்ரன்ட் லோடில் முன்பக்கம் கீழே ஓரத்தில் ஒரு சின்னக் கதவு பெரும்பாலும் இருக்கும். அதற்குள் இருப்பது பம்ப் ஃபில்டர். நாணயம், சேஃப்டி பின், ஹேர்பின், சட்டைப் பையில் மறந்துபோன டிக்கெட் எல்லாம் வந்து சேரும் இடம் அதுதான். மெஷின் வாங்கிய நாளிலிருந்து அதைத் திறக்காத வீடுகள் ஏராளம். ஆனால் திறக்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. வெந்நீரில் ஓடிய மெஷின் என்றால் ஆறும் வரை பொறுங்கள். பிளக்கைப் பிடுங்கி, தட்டையான தட்டு ஒன்றைக் கீழே வைத்து, பக்கத்தில் சிறு டியூப் இருந்தால் அதன் வழியாகத் தண்ணீரை வடித்த பிறகே மூடியை மெல்லத் திருக வேண்டும். ஒரே திருகில் கழற்றினால் டிரம்மில் உள்ள அத்தனை தண்ணீரும் தரையில்தான்.

நுரையும் சேர்த்திதான். கையால் துவைக்கும் பவுடரை ஃப்ரன்ட் லோடில் கொட்டினால் நுரை பொங்கி, பம்ப் தண்ணீரை இழுக்க முடியாமல் திணறும். அதற்கென்று விற்கும் நுரை குறைந்த பவுடரையோ லிக்விடையோ அளவாகப் போடுங்கள்.

துணியை எடுத்துக் குறைப்பது

மெஷின் தடதடவென்று ஆடி நின்றால், பாரம் அதிகம் என்று நினைத்துத் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார்கள். கடைசியில் ஒரே ஒரு ஜீன்ஸோ போர்வையோ மட்டும் உள்ளே இருக்கும். இதில் ஆட்டம் இன்னும் கூடும். தனியாகக் கிடக்கும் கனத்த துணிக்கு எதிர்ப்பக்கத்தில் ஈடு கொடுக்க ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் நனைந்த துண்டு இரண்டைக் கூடப் போட்டுச் சுற்றிலும் பரப்பி வைத்தால் பெரும்பாலும் சுற்றத் தொடங்கிவிடும்.

இதை மெஷின் ஏன் இவ்வளவு கண்டிப்போடு பார்க்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 50 செ.மீ. விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 700 சுற்று சுற்றும்போது, விளிம்பில் ஒட்டிய ஒரு கிலோ ஈரத்துணி 130 கிலோவுக்கும் மேற்பட்ட எடையின் விசையோடு டிரம்மை ஒரு பக்கம் இழுக்கும். ஃப்ரன்ட் லோடின் 1200 சுற்றில் இது ஏறத்தாழ 400 கிலோ. டாப் லோடு மெஷின் இதை உணர்ந்ததும் நின்று, மறுபடி தண்ணீர் பிடித்து, துணியைக் கலைத்துப் பரப்பிவிட்டு மீண்டும் முயலும். இதைப் பார்த்துவிட்டு “திரும்பத் திரும்ப அலசிக்கிட்டே இருக்கு, போர்டு கெட்டுப்போச்சு” என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மெஷினைக் கட்டுப்படுத்தும் அந்த எலக்ட்ரானிக் போர்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. எல்ஜியில் இதற்கான எரர் ‘யூஈ’.

ரெயின்கோட், ரெக்ஸின் விரிப்பு, தண்ணீர் புகாத மெத்தை உறை ஆகியவற்றைச் சாதாரண ஸ்பின்னில் போடவே வேண்டாம். அவை தண்ணீரைப் பை போலப் பிடித்து வைத்துக்கொண்டு, வேகமெடுத்த பிறகு சட்டென்று ஒரு பக்கம் விட்டுவிடும். 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் ஏறத்தாழ 28 லட்சம் டாப் லோடு மெஷின்களுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. ஸ்பின்னில் அதிர்வு கூடி மேற்பகுதியே பெயர்ந்து வரக்கூடும் என்பதுதான் காரணம். படுக்கை விரிப்பு, கனத்த துணி, தண்ணீர் புகாத துணி இவற்றைக் குறைந்த வேகத்தில் மட்டுமே போடும்படி அப்போது சொன்னார்கள்.

துணி சரியாக இருந்தும் ஆடுகிறது என்றால் மெஷின் நிற்கும் இடத்தைப் பாருங்கள். மேல்மூலைகளை எதிரெதிராக அழுத்தினால் ஆடக்கூடாது. ஆடினால் கீழே உள்ள கால்களைத் திருகிச் சமப்படுத்த வேண்டும். தரை ஈரமாகாமல் இருக்க வாங்கும் சக்கரம் வைத்த ஸ்டாண்டு எனக்குப் பிடிக்காத பொருள். சக்கரம் லாக் ஆகாமலோ ஒரு கால் தளர்ந்தோ போனால் ஸ்பின் நிற்பதற்கு அதுவே போதும். வீடு மாறியபின் ஃப்ரன்ட் லோடு முதன்முறை ஓடும்போதே பயங்கரமாக அதிர்ந்தால், கொண்டுசெல்லும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்பக்கம் மாட்டிய ட்ரான்சிட் போல்ட்டுகள் கழற்றப்பட்டனவா என்று பார்க்காமல் இரண்டாம் முறை ஓட்டாதீர்கள்.

செமி ஆட்டோமேட்டிக்கில் நடப்பவை

இதில் பெரிய குற்றவாளி சின்னத் துணிதான். கைக்குட்டை, சாக்ஸ், குழந்தையின் ஜட்டி. துணிகளின் மேல் வைத்து அழுத்தும் பிளாஸ்டிக் தட்டை வைக்காமல் சுற்றினால் இவை மேலெழும்பி, ஸ்பின்னருக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் விழுந்து அடியில் தண்டைச் சுற்றிக்கொள்ளும். ‘ம்ம்ம்’ என்று உறுமல் வரும், சுழற்சி வராது.

அந்த உறுமலுக்கு வேறு காரணங்களும் உண்டு. மூடியை மூடும்போது ஒரு வயர் இழுபட்டு பிரேக்கை விடுவிக்க வேண்டும். அது தளர்ந்தாலோ துருப்பிடித்து அறுந்தாலோ பிரேக் பிடித்தபடியே இருக்கும். மோட்டாரைக் கிளப்பிவிட உதவும் கெபாசிட்டர் பலவீனமானாலும் மோட்டார் கிளம்பாமல் உறுமும். மின்னழுத்தம் குறைவதையும் மறக்கக் கூடாது. இந்த மோட்டாரின் இழுவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 160 வந்தால் கிடைப்பது பாதிக்கும் குறைவான வலு. கோடைச் சாயங்காலத்தில் மட்டும் சுற்றாமல், விடிகாலையில் நன்றாகச் சுற்றுகிறது என்றால் மெஷினைக் கழற்றாதீர்கள். வீட்டுக்கு வரும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்.

உறுமும் மெஷினைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருப்பதுதான் நல்ல மோட்டாரை எரிக்கும் வழி. உறுமலே இல்லாமல் முழு அமைதி என்றால் மூடி ஸ்விட்ச், டைமர், வயர் என்று தேட வேண்டும். எலி கடித்த வயரும் இந்த வகைதான். அடிப்பக்கத்து வலைத்தட்டு இல்லாத மெஷின்களில் இது சகஜம். சூடேறி மோட்டார் தானே துண்டித்துக்கொண்டிருந்தாலும் அமைதியாகத்தான் இருக்கும். ஆறிய பிறகு திரும்ப ஓடும். துவைக்கும் தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிட்டபடியே பக்கத்தில் ஸ்பின் போடுவதையும் தவிருங்கள். ஹோஸ் அடைத்தோ உயர்ந்தோ இருந்தால் அந்தத் தண்ணீர் ஸ்பின் தொட்டிக்குள் ஏறி, சுழற்சியைப் பிடித்து நிறுத்தும்.

உயிரோடு விளையாடும் இரண்டு தவறுகள்

சீலிங் ஃபேனைக் கையால் தள்ளிவிட்டு ஓட வைத்த பழக்கத்தில், ஸ்பின்னரையும் கையாலோ குச்சியாலோ சுற்றிவிட்டு ஸ்விட்சைப் போடுகிறார்கள். கெபாசிட்டர் போன மோட்டார் அப்படித் தள்ளினால் கிளம்பும் என்பது உண்மை. ஆனால் ஈரத்துணியின் ஒரு நுனி விரலில் சுற்றிக்கொண்டால், கையை எடுக்க நேரம் கிடைக்காது. செமி ஆட்டோமேட்டிக் ஸ்பின்னர் முழுவேகத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் போகும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். குழந்தைகள் பார்க்கும்படி ஒருபோதும் செய்யாதீர்கள்.

இரண்டாவது, மூடி ஸ்விட்சை ‘டைரக்ட்’ பண்ணுவது. ஸ்விட்ச் கெட்டுப்போனால் இரண்டு வயரையும் முறுக்கி இணைத்துவிட்டு “இப்ப ஓடும் பாருங்க” என்று சொல்லிப் போகும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அதன் பிறகு மூடியைத் திறந்தாலும் டிரம் நிற்காது. அந்த ஸ்விட்ச் விலை குறைந்த பாகம். புதிது போடச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே டைரக்ட் செய்த மெஷின் வீட்டில் இருந்தால், இன்று ஓடினாலும் அதை மாற்றிவிடுங்கள்.

பின்பக்கத்தைத் திறப்பதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிய பிறகே. பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம், முனைகளைத் தொடக்கூடாது. அதை மாற்றுபவர் மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவையும் வோல்ட்டையும் பார்த்து அதே அளவில் வாங்க வேண்டும். “கொஞ்சம் பெருசா போட்டா நல்லா இழுக்கும்” என்பது தவறு; மோட்டார் சூடேறும்.

மெக்கானிக்கை அழைக்கும்போது கூகுளில் முதலில் வரும் நம்பருக்குப் போன் போடாதீர்கள். கம்பெனி பெயரில் போலி நம்பர்கள் திரிகின்றன. வாரன்டி அட்டையிலோ மெஷின் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரிலோ உள்ள நம்பரே பாதுகாப்பு. “மோட்டாருக்குப் பத்து வருஷம்” என்று கடையில் சொன்னது பெரும்பாலும் மோட்டார் என்ற பாகத்துக்கு மட்டும்தான். போர்டும் டிரெயின் மோட்டாரும் வேலைக் கூலியும் அதில் வராது. வருபவரிடம் “ஸ்பின் ஆகலை” என்று மட்டும் சொல்லாமல், தண்ணீர் வடிந்ததா, உறுமல் வந்ததா, என்ன எரர் காட்டியது, என்ன துணி போட்டிருந்தீர்கள் என்று சொல்லுங்கள். எரரைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிளக்கைப் பிடுங்கியதும் அது மறைந்துவிடும். எதையும் சோதிக்காமலே போர்டு மாற்ற வேண்டும் என்றால், டிரெயின் மோட்டாருக்கும் மூடி ஸ்விட்சுக்கும் கரண்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.