ஈரத் தலையில் ஸ்ட்ரெயிட்னர்: அந்த ‘ஸ்ஸ்’ சத்தம் நல்லதுக்கு இல்லை

முடியை ஸ்ட்ரெயிட்னரில் வைத்து இழுக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வந்து லேசாக ஆவி கிளம்பும் பாருங்கள், மிஷின் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை மகள் கல்யாணத்தில் விடியற்காலை முகூர்த்தம், மண்டபத்தில் பத்துப் பெண்களுக்கு ஒரே பாத்ரூம், ஒரே பிளக் பாயிண்ட். நாலரை மணிக்குத் தலைக்குக் குளித்து, துண்டால் துவட்டி, அப்படியே 210 டிகிரியில் வைத்து இழுத்துக்கொண்டு ஓடினேன். கோரை முடி மாதிரி பளபளவென்று படிந்தது, போட்டோவிலும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து சீப்பில் விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக முடி.

முடி கொட்டுகிறது என்று பயந்து எண்ணெய், ஷாம்பு எல்லாம் மாற்றினேன். அது கொட்டவே இல்லை, உடைந்திருக்கிறது. வேரிலிருந்து விழும் முடியின் ஒரு முனையில் வெள்ளையாகச் சின்ன உருண்டை இருக்கும். நடுவில் உடைந்த துண்டில் அது இருக்காது. உங்கள் சீப்பில் இருப்பதையும் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, ஈரத்தில் வைத்தால் என்னதான் ஆகிறது? முடியின் மேல்தோல், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய செதில்கள்தான். குளிக்கும்போது தண்ணீர் அந்த இடுக்குகள் வழியாக உள்ளே போய்விடும். தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீரை முடி குடிக்கும், குடித்து ஊறிக் கொஞ்சம் பருக்கவும் செய்யும். முடிக்கு வடிவம் தரும் கெரட்டின் புரதத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டதும் அவிழும், காயும்போது அந்த நேரத்தில் இருக்கிற வடிவத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈரத்தோடு பின்னல் போட்டுக் காயவிட்டால் அலை அலையாக வருவது இதனால்தான். அப்படி இளகி, ஊறிப்போய் இருக்கிற நேரத்தில் முடிக்கு பலமும் குறைவு. அதன்மேல்தான் நாம் 200 டிகிரித் தட்டை வைத்து நசுக்குகிறோம்.

தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். திரவமாக இருந்தது ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். முடிக்குள் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? பூரி எண்ணெயில் விழுந்ததும் ஏன் உப்புகிறது, மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல்தானே. முடிக்குள்ளும் அதே கதைதான். உள்ளே குமிழ் குமிழாகப் பொள்ளல் விழும், அந்த இடம் பொத்தல் போட்ட ஸ்ட்ரா மாதிரி மடங்கி ஒடியும். இதற்குத் தோல் மருத்துவத்தில் ‘பபுள் ஹேர்’ என்றே பெயர் இருக்கிறது, 1986-இலேயே பதிவானது. பிற்பாடு செய்த சோதனைகளில், 125 டிகிரி சூட்டில் சுருட்டும் இடுக்கியை ஈரம் இருந்த முடியில் ஒரு நிமிடம் வைத்ததற்கே குமிழ் வந்தது. நம் வீட்டு மிஷின்கள் 230 வரை போகும்.

ஆக, சொட்டச் சொட்ட இருக்கும் தலையில் யாரும் வைப்பதில்லைதான், அது எல்லோருக்கும் தெரியும். மாட்டிக்கொள்வது ‘காய்ந்துவிட்டது’ என்று நாம் நினைக்கிற முடியில். அடர்த்தியான, இடுப்பு வரை இருக்கும் தலைமுடி மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், பிடரியில் உள்ளடுக்கைப் பிரித்துத் தொட்டால் சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்புதான் அடையாளம்; ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் வரும் குளிர்ச்சி. விரல் நுனியை நம்பாமல் உள்ளடுக்கிலிருந்து ஒரு கொத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றால் இன்னும் நேரம் இருக்கிறது.

இதே தவறை வேறு உருவத்தில் செய்வது ஹீட் ப்ரொடெக்ட் ஸ்ப்ரே. அதில் பாதிக்குமேல் தண்ணீரோ ஆல்கஹாலோதான் இருக்கும். நன்றாகக் காய வைத்த முடியில் அதை அடித்து, அடித்த கையோடு தட்டை வைத்தால் உலர்ந்த முடியை நாமே நனைத்து வறுக்கிறோம். அடித்துவிட்டு, சீவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மிஷினை எடுக்க வேண்டும். இன்னொன்று, அந்த ஸ்ப்ரே சூடு ஏறும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான், கவசம் எல்லாம் இல்லை.

தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு அயர்ன் பண்ணினால் முடிக்குப் பாதுகாப்பு என்று எங்கள் வீட்டிலேயே சொன்னவர்கள் உண்டு. செக்கு எண்ணெய் 175 டிகிரியை ஒட்டிப் புகைய ஆரம்பித்துவிடும். 200-இல் வைத்தால் புகை, தீய்ந்த வாடை, தட்டில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும் பிசுக்கு. தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லதுதான், அதை முந்தின இரவு தடவி, அலசி, காய வைத்து, அப்புறம் அயர்ன்.

ட்ரையர் விஷயத்தில் நம்மவர்கள் நினைப்பு தலைகீழ். ‘ட்ரையர் போட்டால் முடி கெட்டுவிடும்’ என்று அதைத் தொடமாட்டார்கள், ஆனால் அரை ஈரத்தில் ஸ்ட்ரெயிட்னர் வைப்பார்கள். கொரியாவில் செய்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ட்ரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே காய வைத்த முடியைவிட, தானாகக் காயவிட்ட முடியில்தான் செல்களை ஒட்டவைக்கும் உட்பகுதி கெட்டிருந்தது. ரொம்ப நேரம் ஊறிக் கிடந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். கிட்டத்தில் பிடித்துக் கொதிக்கக் கொதிக்க ஊதினால் மேல்செதில் கெடும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான். அதனால் பாதியைக் காற்றில் காயவிட்டு, மீதியை மிதமான சூட்டில் தள்ளி நின்று ஊதுங்கள். பாட்டி சாம்பிராணிக் கரண்டியை எட்டப் பிடித்துக் கூந்தலைப் பிரித்துப் பிரித்துப் புகை காட்டினதும் கிட்டத்தட்ட இதே முறைதான், வாசனை மட்டும் கூடுதல்.

ஈரத்திலும் போடலாம் என்றே விற்கும் ஸ்ட்ரெயிட்னர்கள் இருக்கின்றனவே என்பீர்கள். தட்டில் துளைகள் வைத்து ஆவி வெளியேற வழி செய்திருப்பார்கள். தட்டுக்கும் முடிக்கும் நடுவே இருக்கும் ஆவி போய்விடும், முடிக்குள் இருப்பதற்கு அந்தத் துளை உதவாது. என் காசை அதில் போடமாட்டேன். 2023-இல் வந்த டைசன் ஏர்ஸ்ட்ரெயிட் வேறு வகை, அதில் சூட்டுத் தட்டே கிடையாது, காற்றாலேயே நீட்டுவது. விலையைக் கேட்டால்தான் முடி நட்டுக்கொள்ளும்.

சூடு எவ்வளவு வைக்கலாம்? மெல்லிய முடி, டை அடித்த முடி என்றால் 150 பக்கம், அடர்த்தியான முடிக்கு 180. ஒரு கொத்துக்கு ஒரே இழுப்பு, மெதுவாக. ஈர முடியில் இன்னொரு தொல்லை, முதல் இழுப்பில் படியாது, நாலு தடவை இழுப்போம், நாலு தடவையும் சூடு. டிகிரி காட்டாமல் வெறும் ஆன்-ஆஃப் மட்டும் இருக்கும் மிஷினை வாங்காதீர்கள்.

சென்னை மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒன்று. காற்றில் இருக்கும் ஈரமே அந்த ஹைட்ரஜன் பிணைப்பை அவிழ்த்துவிடும், காலையில் நீட்டியது மதியம் சுருளும். உடனே பையிலிருந்து மிஷினை எடுத்து மறுபடி இழுக்கிறோம், பிடரியில் வியர்வை ஊறியிருக்கும்போதே. வியர்வையும் தண்ணீர்தான். அங்கே உடையும் குட்டி முடிகளைத்தான் ‘புது முடி வளருது’ என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள்.

அந்த ஆவி கழுத்திலோ காதிலோ பட்டுச் சுட்டுவிட்டால் பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

உடைந்த முடியை எந்த கெரட்டின் மாஸ்க்கும் ஒட்டவைக்காது, செதிலைப் படிய வைத்து வழவழப்பாகக் காட்டும், அவ்வளவே. நான் நாலு அங்குலம் வெட்டினேன், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் அது திரும்பி வர ஏறக்குறைய பத்து மாதம் ஆனது. இப்போது காலை முகூர்த்தம் என்றால் முந்தின நாள் மாலையே தலைக்குக் குளித்துவிடுகிறேன். எப்படியும் தண்ணீர் தெளித்த மல்லிகைப்பூவை யாராவது கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், எட்டு மணிக்கெல்லாம் பின்பக்கம் சுருண்டுவிடும்.