7805 ஏன் சுடுகிறது? வோல்டேஜ் ரெகுலேட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலிடெக்னிக் கடைசி வருடம் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் தன் பிராஜெக்ட் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, நாலாவது 7805 மாத்திட்டேன். எல்லாமே டூப்ளிகேட் போல. ஒரு நிமிஷம் ஓடுது, அப்புறம் நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டா திரும்ப ஓடுது" என்றான்.

போர்டு இதுதான்: 12 வோல்ட் அடாப்டர், அதிலிருந்து 5 வோல்ட் எடுக்க ஒரு 7805, அந்த 5 வோல்ட்டில் ஒரு கன்ட்ரோலர், இரண்டு ரிலே, ஒரு சின்ன மோட்டார். மல்டிமீட்டரை சீரியஸில் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய அரை ஆம்பியர். ஐசியின் முதுகில் விரல் வைக்க முடியவில்லை. சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு, அதாவது ஹீட் சிங்க், இல்லை.

அந்த நாலு ஐசியும் நல்ல ஐசிதான். வேலையைச் சரியாகச் செய்ததால்தான் நின்றுபோயின.

7805 ஒரு லீனியர் ரெகுலேட்டர். மிச்ச வோல்டேஜை அது எங்கும் சேர்த்து வைப்பதில்லை. உள்ளே 12 வருகிறது, வெளியே 5 போகிறது, நடுவில் உள்ள 7 வோல்ட்டைத் தன் உடம்பிலேயே வெப்பமாகக் கரைக்கிறது. 7-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 3.5 வாட். போர்டு முழுவதற்கும் போகும் பவரே 2.5 வாட்தான். அதாவது, வேலைக்குப் போவதைவிட அதிகமாகச் சூட்டுக்குப் போகிறது. டேட்டாஷீட்டில் இன்னொரு எண் இருக்கும்: ஹீட் சிங்க் இல்லாமல் நிற்கும் டிஓ-220 உறையில் (7805 வரும், மூன்று காலும் உலோக முதுகும் கொண்ட உறை), ஒரு வாட்டுக்கு உள்ளே 65 டிகிரி வரை சூடு ஏறும். 3.5 வாட்டுக்கு 227 டிகிரி. நம் ஊர் அறை வெப்பம் 33-ஐயும் கூட்டினால் 260. உள்ளே இருக்கும் சிலிக்கான் வேலை செய்ய வேண்டிய எல்லை 125 டிகிரி. அந்த 260-க்குப் போய்ச் சேருவதற்கு வெகு முன்பே ஐசி தன்னை அணைத்துக்கொள்கிறது. ஆறியதும் திரும்ப எழுகிறது.

"ஒரு ஆம்பியர் ஐசிதானே, நான் அரை ஆம்பியர்தானே எடுக்கிறேன்" என்பதுதான் ரெகுலேட்டர் விஷயத்தில் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். ஐசியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர், நல்ல ஹீட் சிங்க் இருந்தால் மட்டுமே பொருந்தும். நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: வெற்று டிஓ-220-க்கு ஒரு வாட். அதைத் தாண்டினால் ஹீட் சிங்க். தம்பியின் போர்டுக்குக் கணக்குப் போட்டால், உள் வெப்பம் 110-ஐத் தாண்டாமல் இருக்க மொத்தம் ஒரு வாட்டுக்கு 22 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதில் 5 டிகிரி ஐசியின் உறைக்கே போய்விடும். ஆகவே ஹீட் சிங்க் 15 டிகிரி அளவிலோ அதைவிடக் குறைவாகவோ இருக்க வேண்டும். மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்தால் இதுவும் பத்தாது. டப்பாவின் உள்காற்றே 50 டிகிரிக்கு ஏறிவிடும்.

இந்தத் தானாக அணையும் அறிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு காலத்தில் பவர் சப்ளை என்றால் ஒரு ஜீனர் டயோடு, ஒரு பெரிய டிரான்சிஸ்டர், கூடவே ரெசிஸ்டர்கள். வெளியே ஷார்ட் ஆனால் டிரான்சிஸ்டர் போய்விடும். நேஷனல் செமிகண்டக்டரில் இருந்த பாப் விட்லர், 1970-ஐ ஒட்டி எல்எம்109 என்ற ஐசியைக் கொண்டுவந்தார். மூன்றே கால், 5 வோல்ட். பவர் டிரான்சிஸ்டர், கரண்ட் எல்லை, சூடு கூடினால் நிறுத்தும் சுற்று எல்லாம் ஒரே சில்லில். அதன் அடிப்படை வோல்டேஜுக்கு அவர் ஜீனரை நம்பவில்லை. டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ், சூடு ஒரு டிகிரி ஏறினால் சுமார் 2 மில்லி வோல்ட் இறங்கும். அதற்கு எதிராக, சூட்டோடு ஏறும் ஒரு வோல்டேஜை உண்டாக்கி இரண்டையும் கூட்டினால், வெப்பம் மாறினாலும் மாறாத ஏறக்குறைய 1.2 வோல்ட் கிடைக்கும். பேண்ட்கேப் ரெஃபரன்ஸ் என்பது இதுதான். வெளியீட்டை நாமே அமைத்துக்கொள்ளும் ரெகுலேட்டரான எல்எம்317-இல் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் 1.25-இன் பூர்வீகமும் இதுவே. அந்த ஐசியை பாப் டாப்கின் 1976-இல் வடிவமைத்தார்.

இத்தனை பேர் யோசித்து வைத்ததெல்லாம் மூன்று காலுக்குள் ஒளிந்திருப்பதால், வெளியே இருந்து பார்க்கும் நமக்கு அது ஒரு குழாய் மாதிரி தெரிகிறது. தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

கால்களும் முதுகும்

எழுத்து தெரியும்படி ஐசியை நேராகப் பிடித்தால், 7805-க்கு இடமிருந்து உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு. நெகட்டிவ் 5 வோல்ட் தரும் 7905-க்கு கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. எல்எம்317-க்கு அட்ஜஸ்ட், வெளியீடு, உள்ளீடு. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கால் மாற்றிச் சொருகுவது எல்லோரும் ஒருமுறையாவது செய்வது.

கால்களைச் சரிபார்ப்பவர்கள்கூட முதுகில் இருக்கும் உலோகத் தகட்டை மறந்துவிடுவார்கள். அது நடுக்காலோடு இணைந்தது. எனவே 7805-இன் முதுகு கிரவுண்ட், 317-இன் முதுகு வெளியீடு, 7905-இன் முதுகு நெகட்டிவ் உள்ளீடு. 7805-ஐயும் 7905-ஐயும் ஒரே அலுமினியத் துண்டில் நேரடியாக முடுக்கினால், நெகட்டிவ் சப்ளை முழுவதும் கிரவுண்டோடு ஷார்ட். ஃபியூஸ் இல்லாவிட்டால் அடுத்து டயோடும் டிரான்ஸ்ஃபார்மரும்தான். நடுவில் மின்சாரத்தைத் தடுக்கும் மைகா ஷீட்டோடு, ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் வேண்டும். மைகாவை மட்டும் வைத்துவிட்டு இரும்பு ஸ்க்ரூவை நேரே போட்டால், ஸ்க்ரூ வழியாகவே தொட்டுவிடும். நான் இப்படிச் செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். முடுக்கி முடித்ததும் பவர் கொடுப்பதற்கு முன், முதுகுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மீட்டரின் பஸ்ஸரை ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

உள்ளீடு எவ்வளவு வேண்டும்?

சூட்டுக்குப் பயந்து உள்ளீட்டை ரொம்பக் குறைப்பது எதிர்த்திசைத் தவறு. 7805-க்கு வெளியீட்டைவிட ஏறக்குறைய 2 வோல்ட் கூடுதல் வேண்டும், அதாவது உள்ளே 7. "6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் உச்சம் எட்டரை வருமே" என்பார்கள். வரும். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜில் இரண்டு டயோடு குறைந்தது 1.4 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மீதி 7.1. அதுவும் உச்சியில் மட்டும். நொடிக்கு 100 தடவை அந்த உச்சியிலிருந்து கெப்பாசிட்டர் இறங்கி ஏறுகிறது. 1000 மைக்ரோஃபாரட்டில் அரை ஆம்பியர் எடுத்தால் ஒவ்வொரு இறக்கமும் 4 வோல்ட்டைத் தொடும். அந்தப் பள்ளங்களில் ரெகுலேட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. பள்ளம் அப்படியே வெளியே வரும், ஆம்ப்ளிஃபையராக இருந்தால் "ம்ம்ம்" என்று இரையும்.

டிசி ரேஞ்சில் வைத்த மீட்டர் இதைக் காட்டாது, சராசரியைத்தான் காட்டும். ரெகுலேட்டரின் வெளியீட்டில், சிவப்பு ஒயரோடு 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை சீரியஸில் பிடித்து, மீட்டரை ஏசி ரேஞ்சில் வையுங்கள். சில விலை குறைந்த மீட்டர்கள் டிசியைப் பார்த்தே ஏசி என்று தப்பான எண் காட்டும், அதைத் தடுக்கத்தான் கெப்பாசிட்டர். சில மில்லி வோல்ட் வந்தால் நல்லது. நூறு, இருநூறு மில்லி வோல்ட் வந்தால் உள்ளீடு பத்தவில்லை என்று அர்த்தம்.

சரி, 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போடலாமா? 230 வோல்ட்டில் தாராளம். ஆனால் சாயங்காலம் லைன் 180-க்கு இறங்கும் ஊராக இருந்தால் 9 என்பது 7 ஆகிவிடும். உச்சம் 10, டயோடு போக 8.6. 2200 மைக்ரோஃபாரட் இருந்தாலும் பள்ளம் 7-க்குக் கீழே போகும். 12 வோல்ட்டுக்கு மாறினால் இந்தக் கவலை இல்லை. ஆனால் இரவு லைன் 250-ஐத் தொடும்போது ரெகுலேட்டர் 5 வாட்டுக்கு மேல் சுட்டெரிக்கும். நான் இந்த இடத்தில் 9 வோல்ட்டையே வைத்துக்கொண்டு கெப்பாசிட்டரை 4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் ஆக்குவேன். பள்ளம் 7-க்குச் சற்று மேலேயே நின்றுவிடும். உயர்ந்த லைனுக்குச் சூட்டையும், தாழ்ந்த லைனுக்குப் பள்ளத்தையும் இரண்டு தடவை கணக்குப் போடாமல் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கக் கூடாது.

317-இன் 240 ஓம்

எங்கே பார்த்தாலும் எல்எம்317 படத்தில் வெளியீட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவே 240 ஓம் இருக்கும். அது உண்மையில் அதன் விலை உயர்ந்த அண்ணன் எல்எம்117-க்கான எண். ரெகுலேட்டர் கட்டுப்பாட்டில் இருக்க வெளியீட்டில் குறைந்தபட்சம் கொஞ்சம் கரண்ட் ஓடியாக வேண்டும். 117-க்கு அது 5 மில்லி ஆம்பியர். 1.25-ஐ 240-ஆல் வகுத்தால் 5.2, சரியாக இருக்கும். 317-க்கோ 10 மில்லி ஆம்பியர் வரை தேவைப்படலாம். 240 ஓம் போட்டுவிட்டு லோடு இல்லாமல் அளந்தால், சில ஐசிகளில் 5 வோல்ட்டுக்குப் பதில் கூடுதலாகக் காட்டும். லோடு போட்டதும் சரியாகிவிடும். தூங்கும்போது மைக்ரோ ஆம்பியர் மட்டுமே எடுக்கும் கன்ட்ரோலரை இதில் மாட்டினால், அது தூங்கும் நேரத்தில்தான் வோல்டேஜ் ஏறும். 120 ஓம் போடுங்கள். 5 வோல்ட் வேண்டுமென்றால் கீழே, அதாவது அட்ஜஸ்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, 360 ஓம்.

கீழே பொட்டென்ஷியோமீட்டர் வைப்பவர்கள் நடுக்காலை ஓரக்கால் ஒன்றோடு சேர்த்துவிட வேண்டும். பழைய பொட்டில் தூசி படிந்து நடுக்கால் ஒரு நொடி தொடர்பை விட்டால், அந்தப் பக்கம் திறந்த சுற்றாகி, உள்ளீடு ஏறக்குறைய முழுதாக லோடுக்குப் போய்விடும். சேர்த்து வைத்தால் பொட்டின் முழு அளவோடு நின்றுவிடும்.

கெப்பாசிட்டர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஐசியின் காலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 7805-க்கு உள்ளே 0.33, வெளியே 0.1 மைக்ரோஃபாரட். பத்து சென்டிமீட்டர் ஒயர் தள்ளி வைத்தால் வைக்காததற்குச் சமம். வெளியீட்டில் பெரிய கெப்பாசிட்டர் இருந்தால், வெளியீட்டிலிருந்து உள்ளீட்டை நோக்கி ஒரு 1என்4007 போட்டுவிடுங்கள். பவரை அணைத்ததும் அந்தக் கெப்பாசிட்டர் ஐசி வழியாகப் பின்னோக்கி வடியாமல் காப்பாற்றும். கூடுதல் கரண்டுக்காக இரண்டு 7805-ஐ அப்படியே பேரலலில் கட்டாதீர்கள். ஒன்று 5.02, இன்னொன்று 4.97 என்று இருந்தால் முதலாவதே எல்லாச் சுமையையும் தூக்கும்.

லித்தியம் செல்லில் ஏஎம்எஸ்1117

வைஃபை கன்ட்ரோலருக்கு 3.3 வோல்ட் வேண்டும், கையில் 3.7 வோல்ட் செல் இருக்கிறது, நடுவில் 3.3 வோல்ட் ரெகுலேட்டரான ஏஎம்எஸ்1117-ஐப் போடுகிறார்கள். அந்த ஐசிக்குச் சுமார் 1.1 வோல்ட் இடைவெளி தேவை. முழு சார்ஜில் 4.2 இருக்கும்போதே 3.1-தான் வெளியே வரும். 3.7-க்கு இறங்கினால் 2.6. வைஃபை எழும் நொடியில் கன்ட்ரோலர் ரீசெட் ஆகிறது, பழி புரோகிராமின் மேல் விழுகிறது. அதோடு இந்த ஐசி தன் சொந்தச் செலவுக்கே 5 மில்லி ஆம்பியர் எடுக்கும். ஒரு நாளைக்கு 120 மில்லி ஆம்பியர்-மணி. 2000 மில்லி ஆம்பியர்-மணி செல், ஒரு வேலையும் செய்யாமலே பதினாறு, பதினேழு நாளில் காலி. எம்சிபி1700 போன்றவை 2 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும், இடைவெளியும் மிகக் குறைவு. ஆனால் 250 மில்லி ஆம்பியர்தான் தரும், உள்ளீடும் 6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. சென்சாருக்குப் போதும், வைஃபைக்கு 500 மில்லி ஆம்பியர் தரக்கூடிய ஒன்றைத் தேட வேண்டும்.

எல்இடிக்கு வோல்டேஜ் அல்ல, கரண்ட்

1 வாட் எல்இடிக்கு 3.2 வோல்ட் என்று படித்துவிட்டு, சப்ளையைச் சரியாக 3.2-இல் நிறுத்தி மாட்டுவது தவறு. எல்இடி சூடாகும்போது அதற்குத் தேவையான வோல்டேஜ் குறைகிறது. அதே 3.2 கொடுத்துக்கொண்டிருந்தால் கரண்ட் ஏறும், ஏறினால் இன்னும் சூடு, இன்னும் கரண்ட். சில வாரங்களில் வெளிச்சம் மங்கிவிடும்.

317-ஐயே கரண்ட் கட்டுப்படுத்தியாக மாற்றலாம். வெளியீட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவே ஒரே ரெசிஸ்டர், லோடை அட்ஜஸ்ட் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். 3.9 ஓம் என்றால் 320 மில்லி ஆம்பியர். அந்த ரெசிஸ்டரில் 0.4 வாட் போகிறது, கால் வாட் ரெசிஸ்டர் கருகும், 1 வாட் போடுங்கள். 12 வோல்ட்டில் இப்படி இரண்டு எல்இடியை சீரியஸில் ஓட்டலாம். மூன்று ஓட்ட முடியாது, ஐசிக்கு வேண்டிய 3 வோல்ட் மிச்சமிருக்காது.

தம்பியின் போர்டுக்கு வருகிறேன். அவனுக்கு எல்எம்2596 பக் மாட்யூல் ஒன்றைக் கொடுத்தேன். இது மிச்சத்தை எரிக்காமல், நொடிக்கு ஒன்றரை லட்சம் தடவை ஸ்விட்ச் செய்து, காயில் வழியாக இறக்குகிறது. 12 வோல்ட் அடாப்டரிலிருந்து எடுப்பது அரை ஆம்பியரிலிருந்து 0.26-க்கு வந்தது. நேராகப் போர்டில் மாட்டப் போனவனை நிறுத்தினேன். புதிதாக வரும் மாட்யூல் எந்த வோல்ட்டில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெளியீட்டில் மீட்டரை மட்டும் மாட்டச் சொன்னேன். 11.4 காட்டியது. நீல நிற டிரிம் பொட்டின் பித்தளைத் திருகை இடப்பக்கமாகத் திருப்பினான். நாலு சுற்று, அஞ்சு சுற்று, எண் அசையவில்லை. "இதுவும் டூப்ளிகேட்டாண்ணா?" என்றான். இன்னும் திருப்பச் சொன்னேன். எட்டாவது சுற்றில் 11.3, பிறகு கடகடவென்று இறங்கி, 5.02-இல் நிறுத்தினான். மீட்டரைக் கழற்றாமலேயே போர்டை மாட்டினோம். மோட்டார் கால் மணி நேரம் ஓடியும் எண் 5.00-க்குக் கீழே போகவில்லை, ஐசியில் விரலை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும்.