டியோவைக் கேட்கத் தொடங்குவது எப்படி

ஹெவி மெட்டல் ராக் இசை என்றால் வெறும் கூச்சல் என்று நினைப்பவர்கள் அமெரிக்கப் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவிடமிருந்து தொடங்குங்கள். என் அத்தை மகளை இப்படித்தான் கேட்கவைத்தேன்.

முதலில் இடம். எங்கள் காரைக்குடி வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஸ்பீக்கரை வைத்தால் ஆத்தங்குடிக் கல் தரையும் சுண்ணாம்புச் சுவரும் எதிரொலித்து வார்த்தையே கேட்காது. ஜமுக்காளம் விரித்த சின்ன அறைதான் சரி.

அப்புறம், அவர் பாடிய ரெயின்போ குழுவின் 1976 ஆல்பமான 'ரைசிங்'கில் 'ஸ்டார்கேசர்' பாட்டைப் போடுங்கள். எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், பாதியில் நிறுத்தக் கூடாது. கிடாரை விடுங்கள், அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். சிறுவயதில் டிரம்பெட் வாசித்தவர், மூச்சுக் கட்டுப்பாடு அதில்தான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். கோயில் திருவிழாவில் நாகஸ்வரக்காரர் ஒரே சுரத்தில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பு உடனே பிடிபடும்.

அடுத்து 1980-இல் பிளாக் சபாத் குழுவோடு 'ஹெவன் அண்ட் ஹெல்', 1983-இல் சொந்தக் குழுவின் 'ஹோலி டைவர்'. 1942-இல் பிறந்தவர், நாற்பது வயதில் 'டியோ' என்ற இந்தக் குழுவைப் புதிதாகத் தொடங்கினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

2009-இல் வந்த, அவர் பாடிய கடைசி ஆல்பமான 'தி டெவில் யூ நோ'வை இறுதியில் கேளுங்கள். 66 வயதிலும் குரல் கனத்திருக்கிறதே தவிர தேயவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார்.